சைபீரியாவின் கைவரைபடங்கள்: வரைந்தோரும் சேகரித்தோரும்

ஆசியாவின் வடபகுதி முழுமைக்கும் பெயர் கொடுத்த ஊர் ஒன்று இன்று தரைமீது ஏறத்தாழ இல்லை. இர்திஷ் நதியின் உயர்ந்த கரைமீது இருந்த அந்த ஊருக்குக் கஷ்லிக், இஸ்கெர், சிபிர் என மூன்று பெயர்கள் வழங்கின. அது குச்சும் கான் என்னும் முஸ்லிம் அரசரின் தலைநகர். 1582ஆம் ஆண்டு யெர்மாக் தலைமையில் வந்த கொசாக்குப் படை அதனைக் கைப்பற்றியது. மக்கள் அகன்றபின் ஆற்று வெள்ளம் ஆண்டுதோறும் கரையை அரித்து, கோட்டை இருந்த மேட்டின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. ஆனால் 'சிபிர்' என்ற அதன் பெயர் மட்டும் உராலிலிருந்து பசிபிக் வரை பரவி, சைபீரியா என நிலைத்தது.

மண்ணில் அழிந்த அவ்வூர் ஒரு தாளில் எஞ்சியிருக்கிறது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், அதே நதிக்கரையில் வாழ்ந்த ரஷ்யர் ஒருவர் அதன் இடிபாட்டு மேட்டைக் கையால் வரைந்து 'குச்சுமின் பழங்கோட்டை' எனக் குறித்து வைத்தார். அவர் வரைந்த தாள்கள் இன்று மூன்று நகரங்களில் மூன்று நூலகங்களில் உள்ளன. அவற்றை வரைந்தவர் யார், அவருக்குச் செய்தி சொன்னவர்கள் யார், அத்தாள்கள் எவ்வெவர் கை மாறி இன்றைய இடங்களை அடைந்தன என்பவற்றை ஆராய்வது வெறும் பழம்பொருள் ஆர்வம் அன்று. தாமே எழுதாத ஆவணங்களில் ஒரு முஸ்லிம் சமுதாயத்தின் சுவடு எவ்வாறு பிழைத்திருக்கிறது என்பதை அறியும் வழியும் அதுவே ஆகும்.

வடநிலமும் முஸ்லிம்களும்

வடக்கின் இந்தப் பனிநிலம் முஸ்லிம் அறிஞர்களுக்கு முற்றிலும் அறியப்படாததாக இருக்கவில்லை. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அல்-உமரீ 'சிபிர், இபிர்' என்னும் நாடுகளைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அதே காலத்தவரான இப்னு பதூதா, வோல்கா நதிக்கரையின் பல்கார் நகருக்கு அப்பால் உள்ள 'இருள் நாட்டை'ப் பற்றி எழுதியுள்ளார். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் வணிகர்கள் அங்குச் செல்வதையும், முகம் காணாமலே பொருளை வைத்துவிட்டு அதற்கு ஈடாக மென்மயிர்த் தோல்களைப் பெற்று வருவதையும் அவர் கேட்டறிந்து பதிவு செய்தார். தாம் அங்குச் செல்லவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

குச்சும் கான் 1563ஆம் ஆண்டளவில் சிபிரின் ஆட்சியைக் கைப்பற்றியபின், புகாராவின் அப்துல்லாஹ் கானிடமிருந்து மார்க்க அறிஞர்களை வரவழைத்துத் தம் நாட்டில் இஸ்லாத்தை நிலைபெறச் செய்ய முயன்றார். தலைநகரை இழந்த பின்னரும் 1598 வரை அவர் போராடினார். ஓப் நதிக்கரையில் நடந்த இறுதிப் போரில் அவருடைய குடும்பத்தார் பலர் சிறைப்பட்டனர். அரசு முடிந்தது; ஆனால் மக்கள் இருந்தார்கள். தாத்தாரியர் தம் கிராமங்களில் வாழ்ந்தனர். புகாராவிலிருந்து வந்த வணிகர்கள் தொபோல்ஸ்க், தியுமென், தாரா ஆகிய நகரங்களில் குடியேறினர். சுங்கச் சலுகைகள் அளித்து அவர்களை ரஷ்ய அரசே ஆதரித்தது. மத்திய ஆசியாவின் துணியும் உலர்கனிகளும், சீனத்தின் சரக்குகளும் வடக்கே வருவதற்கு அவர்களைத் தவிர வழிகாட்டிகள் இல்லை.

குச்சுமின் தலைநகரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில் 1587ஆம் ஆண்டு ரஷ்யர் நிறுவிய நகரமே தொபோல்ஸ்க். நம் கட்டுரைக்குரிய நிலப்படங்கள் பிறந்த இடம் அதுதான்.

1667ஆம் ஆண்டின் படம்

தொபோல்ஸ்கின் ஆளுநராக இருந்த பியோத்தர் கோதுனோவ், அரசக் கட்டளைப்படி 1667ஆம் ஆண்டு சைபீரியா முழுவதற்குமான பொதுப்படம் ஒன்றை வரையச் செய்தார். அளவைக் கருவி கொண்டு எவரும் நிலத்தை அளக்கவில்லை. ஊர்களையும் பாதைகளையும் நேரில் அறிந்த பலதரப்பட்டவர்களை அழைத்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நாள் பயணம், எந்த ஆறு எதில் கலக்கிறது என வினவி, விடைகளைத் தொகுத்து வரைந்தனர்.

இத்தகைய படத்தை ரஷ்யர் 'செர்த்யோஷ்' என்றனர். 'வரைவு' என்பதே அச்சொல்லின் பொருள். அதில் அட்சக் கோடுகளும் தீர்க்கக் கோடுகளும் இல்லை. ஒரே அளவுத்திட்டமும் இல்லை. ஆறுகளே அதன் எலும்புக்கூடு. காடும் சதுப்பும் நிறைந்த அந்நிலத்தில் கோடைக்காலத்தில் படகும், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மீது செல்லும் சறுக்கு வண்டியுமே போக்குவரத்துச் சாதனங்கள். ஆகவே ஆற்றை வரைந்தால் பாதையை வரைந்ததாயிற்று.

இப்படங்களில் தெற்கு மேலே இருப்பது இன்றைய வாசகரைத் திகைக்க வைக்கும். இதற்குரிய காரணத்தை அந்நிலத்தின் இயல்பிலேயே காணலாம். சைபீரியாவின் பேராறுகளான ஓப், யெனிசேய், லேனா ஆகிய மூன்றும் தெற்கே மலைகளில் தோன்றி வடகடலில் விழுகின்றன. தெற்கை மேலே வைத்தால் ஆறுகள் தாளில் மேலிருந்து கீழ்நோக்கி ஓடும். அல்-இத்ரீஸீ 1154இல் சிசிலியின் மன்னர் ரோஜருக்காக நிறைவு செய்த உலகப் படத்திலும் தெற்கே மேலே இருப்பதை நம் வாசகர்கள் அறிவர். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற ஆதாரம் இல்லை. ஒப்புமை வேறு, தொடர்பு வேறு. உண்மையான ஒப்புமை தொகுத்த முறையில்தான் இருக்கிறது. அல்-இத்ரீஸீயும் பதினைந்து ஆண்டுகள் பயணிகளை அழைத்து வினவி, அவர்கள் கூற்றுகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தே தம் நூலை எழுதினார்.

கோதுனோவின் மூலப்படம் இன்று இல்லை. அப்படியிருக்க அதைப் பற்றி எவ்வாறு அறிகிறோம்? இங்கேதான் சேகரிப்பின் வரலாறு தொடங்குகிறது. 1669ஆம் ஆண்டு மாஸ்கோவுக்கு வந்த சுவீடன் தூதுக்குழுவில் கிளாஸ் பிரித்ஸ் என்னும் அதிகாரி இருந்தார். ரஷ்யப் பிரபு ஒருவர் சில மணி நேரம் பார்ப்பதற்காக அப்படத்தை அவரிடம் தந்தார். படி எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. ஆயினும் அவர் அவசர அவசரமாக ஒரு படி எடுத்துக்கொண்டார். தூதுக்குழுவின் தலைவரான குரோன்மனும் ஒரு படியைச் சுவீடன் மன்னருக்கு அனுப்பினார். அரசு மறைத்துக் காத்த மூலம் அழிந்தது. மறைவாக எடுத்த படி பிழைத்தது.

இப்படிகளை 1887இல் உலகறியச் செய்தவர் அடால்ஃப் எரிக் நோர்டன்ஷோல்ட் ஆவார். ஐரோப்பாவிலிருந்து வடகடல் வழியாகப் பசிபிக் பெருங்கடலை முதன்முதலில் கடந்தடைந்த 'வேகா' கப்பல் பயணத்தின் தலைவர் அவர். 1878, 1879ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அப்பயணத்தில் திரும்பும் வழியில் அக்கப்பல் இலங்கையின் காலித் துறைமுகத்திலும் தங்கியது. தாம் கப்பலில் கடந்த கரையைப் பற்றி முன்னோர் என்ன அறிந்திருந்தனர் என்னும் வினாவே அவரைப் பழம்படங்களின்பால் ஈர்த்தது எனலாம். அவர் சேர்த்த நிலப்படத் தொகுதி இன்று ஹெல்சின்கியில் உள்ளது. யுனெஸ்கோ நிறுவனம் 1997இல் அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

செம்யோன் ரெமேசோவ்

கோதுனோவின் படத்துக்கு ஒரு தலைமுறைக்குப்பின் அதே தொபோல்ஸ்கில் இத்துறையின் பேராசான் தோன்றினார். அவர் செம்யோன் உல்யானோவிச் ரெமேசோவ். 1642ஆம் ஆண்டளவில் பிறந்தவர். 1720ஆம் ஆண்டுவரை உயிரோடு இருந்தார் என்பது உறுதி. பாட்டனார் காலத்திலிருந்தே அக்குடும்பம் தொபோல்ஸ்கில் அரசுப் பணி புரிந்து வந்தது. வரி தண்டுவதும், தூது செல்வதும், எல்லை காப்பதும் அவர்களுடைய கடமைகள்.

அவர் தந்தை உல்யான் 1660ஆம் ஆண்டு ஒரு விந்தையான தூது சென்றார். யெர்மாக் அணிந்திருந்த இரும்புக் கவசத்தைத் தமக்குத் தரவேண்டும் எனக் கல்மீக்கியத் தலைவர் அப்லாய் ரஷ்ய அரசிடம் கேட்டிருந்தார். அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் உல்யான். யெர்மாக்கைப் பற்றி ஸ்தெப்பி நிலத்து மக்களிடையே வழங்கிய கதைகளை அப்லாய் வாய்மொழியாகவே அவர் கேட்டு வந்தார். வென்றவர்களின் வீட்டுக்குள் தோற்றவர் பக்கத்து நினைவுகளும் இவ்வாறு வந்து சேர்ந்தன. பின்னாளில் மகன் செம்யோன் எழுதிய 'சைபீரிய வரலாறு' என்னும் சுவடியில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. 154 சித்திரங்கள் கொண்ட அச்சுவடியை வரலாற்றாசிரியர் கெர்ஹார்ட் ஃபிரீட்ரிக் முல்லர் 1734இல் தொபோல்ஸ்கில் கண்டெடுத்தார். இன்று அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அறிவியல் கழக நூலகத்தில் இருக்கிறது.

1696ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மாஸ்கோவிலிருந்து ஒரு கட்டளை பிறந்தது. சைபீரியாவின் ஒவ்வொரு நகரமும் தன் வட்டாரத்தின் படத்தை வரைந்து அனுப்ப வேண்டும். தொபோல்ஸ்க் நகரம் அனைத்தையும் ஒருங்கிணைத்த பொதுப்படம் வரைய வேண்டும் என்பது அதன் சாரம். அப்பொறுப்பு ரெமேசோவுக்கு வந்தது. அவர் ஆறுகளின் வழியே பயணம் செய்தார். ஊர்களையும் குடில்களையும் குறித்தார். எதிர்ப்பட்டவர்களை எல்லாம் வினவினார். 1698இல் மாஸ்கோ சென்று, சைபீரிய விவகாரங்களுக்குரிய அரசு அலுவலகத்தில் குவிந்திருந்த படங்களைக் கண்டு ஒப்பிட்டார். சீனத்துப் பருத்தித் துணிமீது பெரும்படம் ஒன்றையும் வரைந்தளித்தார். தொபோல்ஸ்கின் கற்கோட்டையைக் கட்டும் பணிக்குரிய திட்டங்களையும் அவரே வரைந்தார் என்பது அவருடைய பன்முகத் திறமைக்குச் சான்று.

அவர் விட்டுச் சென்ற நிலப்படச் சுவடிகள் மூன்று. முதலாவது, 1697 முதல் 1711 வரை சேர்த்து வந்த 'கோரோகிராஃபிக் நூல்'. ஆறு ஆறாக, வளைவு வளைவாக வரைந்த களப்படங்களின் தொகுதி இது. இரண்டாவது, தம் புதல்வர்களின் துணையுடன் 1701இன் தொடக்கத்தில் முடித்த 'சைபீரியாவின் வரைவு நூல்'. 23 படங்கள் கொண்ட இதுவே அரசுக்கு அளிப்பதற்காகச் செம்மையாக வரையப்பட்டது. மூன்றாவது, 1702 முதல் அவரும் அவருக்குப்பின் மக்களும் தம் பயன்பாட்டிற்காக வைத்திருந்த 'பணி நூல்'. பழைய படங்களின் படிகள், வரைவுகள், குறிப்புகள் ஆகியன இதில் உள்ளன.

படங்களில் தெரியும் முஸ்லிம் நிலம்

ரெமேசோவின் படங்களில் ரஷ்யக் கோட்டைகளோடு தாத்தாரியரின் குடியிருப்புகளும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டுள்ளன. சிற்றோடைகளின் பெயர்கள் பல துருக்கிய மொழிக்குரியவை. அவற்றை அவர் கற்பனை செய்திருக்க முடியாது. அங்கு வாழ்ந்தோர் சொல்லக் கேட்டே எழுதியிருக்க வேண்டும்.

'நீரற்ற, கடத்தற்கரிய கல் ஸ்தெப்பி' என்னும் பொருள்பட அவர் 1697இல் வரைந்த படம் இவ்வகையில் தனிக் கவனத்துக்கு உரியது. இன்றைய கசாக்ஸ்தானின் புல்வெளியையும், அதற்குத் தெற்கேயுள்ள நிலத்தையும் அது காட்டுகிறது. ஆமூ தர்யா, சிர் தர்யா என்னும் இரு நதிகளும் தனியொரு கடலில் விழுவதாக வரைந்து, அதற்கு ஆரல் என்று பெயரிட்டிருக்கிறார். அக்காலத்து ஐரோப்பியப் படங்கள் பலவற்றில் இந்நதிகள் காஸ்பியன் கடலில் கலப்பதாகவே காட்டப்பட்டன. தொபோல்ஸ்கை விட்டு அதிகம் அகலாத ஒருவர், ஐரோப்பாவின் கற்றறிந்த நிலப்பட வல்லுநரைவிடச் சரியாக வரைந்தது எவ்வாறு? புகாரா வணிகர்களும் தாத்தாரியரும் அப்பாதையில் ஆண்டுதோறும் சென்று வந்தவர்கள். அவர்கள் தொபோல்ஸ்கின் சந்தையில் இருந்தார்கள் என்பதே விடை. ஆரல் கடல் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குப் புதிய செய்தியே அன்று.

ஆயினும் இப்படங்களில் புராணமும் கலந்திருக்கிறது. 1701ஆம் ஆண்டின் நூலில் ஆமூர் நதியின் முகத்துவாரத்துக்கு அருகே, மாசிடோனிய அலெக்சாண்டர் இதுவரை வந்து தம் ஆயுதங்களை ஒளித்து ஒரு மணியையும் விட்டுச் சென்றார் என்னும் கருத்துடைய குறிப்பு காணப்படுகிறது. உலகின் கடைக்கோடியில் அலெக்சாண்டரை நிறுத்தும் இந்த மரபு நமக்கு அந்நியமானதன்று. துல்கர்னைன் அவர்கள் கட்டிய அணையைத் தேடி வருமாறு அப்பாசியக் கலீஃபா அல்-வாஸிக் அனுப்பிய ஸல்லாம் அத்-தர்ஜுமானின் பயணத்தை இப்னு குர்தாத்பிஹ் எழுதி வைத்தார். அல்-இத்ரீஸீயின் படத்தில் அவ்வணை உலகின் வடகிழக்கு ஓரத்தில் நிற்கிறது. துல்கர்னைனும் மாசிடோனிய அலெக்சாண்டரும் ஒருவரே என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் விரிவுரையாளர் பலர் ஏற்றதில்லை. அவ்விவாதம் ஒருபுறம் இருக்க, அறிந்த நிலம் முடிந்து அறியாத நிலம் தொடங்கும் இடத்தில் ஒரு பழங்கதையை எழுதி வைக்கும் வழக்கம் இரு நாகரிகங்களுக்கும் பொதுவாக இருந்தது என்பது மட்டும் தெளிவு.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். இப்படங்கள் அறிவு வேட்கையால் மட்டும் பிறந்தவை அல்ல. ஒவ்வோர் ஆற்றங்கரையிலும் எத்தனை குடிகள் உள்ளன, அவர்களிடமிருந்து 'யஸாக்' என்னும் மென்மயிர்த் தோல் வரியை எவ்வழியே சென்று தண்டலாம், எங்கே கோட்டை எழுப்பலாம் என்பனவே அரசு கேட்ட வினாக்கள். வழி சொன்னவர்களின் நிலமே அவர்கள் சொன்ன வழியால் ஆளப்பட்டது. சொன்னவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். வரைந்தவர் பெயரே நூலின்மேல் நிற்கிறது. ஆயினும் இப்படங்கள் வரையப்படாமல் இருந்திருந்தால் அக்குடியிருப்புகள் பலவற்றின் பெயர்கூட இன்று நமக்குக் கிட்டியிராது.

சொல்லால் வரைந்த படங்கள்

அப்படியானால் அந்நிலத்து முஸ்லிம்கள் தம் ஊரைப் பற்றித் தாமே எதையும் எழுதவில்லையா? எழுதினார்கள், ஆனால் வேறு வகையில் எழுதினார்கள்.

மேற்குச் சைபீரியாவில் இறைநேசர்களின் அடக்கத்தலங்களை 'அஸ்தானா' என்பர். அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பங்களிடம் 'ஷஜரா' எனப்படும் சுவடிகள் இருந்தன. பஹாவுத்தீன் நக்ஷபந்த் (ரஹ்) அவர்களின் வழிவந்த 366 ஷைகுமார்கள் இஸ்லாத்தைப் பரப்ப இர்திஷ் கரைக்கு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கேயே ஷஹீதாயினர். இன்னார் இன்ன ஊரில், இன்ன ஆற்றங்கரையில் அடங்கியுள்ளார் என அவை பட்டியலிட்டுச் செல்கின்றன. தொபோல்ஸ்க் அருங்காட்சியகத்தில் இருந்த இத்தகைய சுவடிகளை நிகொலாய் கத்தானோவ் என்னும் மொழியறிஞர் 1904இல் ரஷ்ய மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். 366 என்னும் எண்ணை வரலாற்றாய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. இச்சுவடிகள் பிற்காலத்தில் உருப்பெற்றவை என்பதும் அவர்கள் கருத்து. ஆயினும் ஊர்ப் பெயர்களும் ஆற்றுப் பெயர்களும் வரிசையாக நிற்கும் அவற்றைப் படிப்போர், கோடுகள் இல்லாத நிலப்படம் ஒன்றையே படிக்கின்றனர். ரெமேசோவ் வரியும் கோட்டையும் கருதி நிலத்தை வரைந்தார். ஷஜராவை எழுதியோர் ஸியாரத்துக்குச் செல்வோர் வழியறிய நிலத்தை எழுதினர். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் அந்நிலத்தின் முழு உருவம் புலப்படும்.

தொபோல்ஸ்கின் முஸ்லிம்களிடம் இருந்த நூற்செல்வத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1709இல் போல்தாவாப் போரில் தோற்றுச் சிறைப்பட்ட சுவீடன் அதிகாரிகள் பலர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஸ்ட்ராலன்பெர்க், தொபோல்ஸ்கில் இருந்தபோது, கீவாவின் அரசரும் வரலாற்றாசிரியருமான அபுல் காஸி பகதூர் கான் எழுதிய 'துருக்கியரின் ஷஜரா' என்னும் நூலின் கையெழுத்துப் பிரதியைப் பற்றி அறிந்தார். அங்கிருந்த புகாரா முஸ்லிம்களின் வாயிலாகக் கிடைத்த அப்பிரதியைச் சிறைப்பட்ட சுவீடியர்கள் மொழிபெயர்த்தனர். 1726இல் லெய்டன் நகரில் அந்நூல் பிரெஞ்சு மொழியில் அச்சாயிற்று. மத்திய ஆசியாவின் வரலாற்றை அதன் அரசர் ஒருவரே எழுதிய நூல் ஐரோப்பாவை அடைந்த வழி இதுவாகும். 1730இல் ஸ்ட்ராலன்பெர்க் தாம் வரைந்த சைபீரியப் படத்தையும் வெளியிட்டார்.

மூன்று நூல்கள், மூன்று நகரங்கள்

1734இல் கிரிலோவின் நிலப்படத் தொகுதியும், 1745இல் ரஷ்ய அறிவியல் கழகத்தின் நிலப்படத் தொகுதியும் வெளிவந்தன. வானியல் அளவைகளும் கோட்டு வலையும் கொண்ட அவற்றின்முன் ரெமேசோவின் படங்கள் பயனற்ற பழந்தாள்களாகத் தோன்றின. பயன் தீர்ந்த பொருளை அரசு மறக்கிறது. அதன்பின் அதனைக் காப்பது சேகரிப்பாளரின் கை.

'வரைவு நூல்' ரஷ்யாவின் வேந்தவை அமைச்சராக இருந்த நிகொலாய் ருமியான்த்சேவ் (1754–1826) சேர்த்த சுவடித் தொகுதியில் இடம்பெற்றது. அத்தொகுதி பின்னர் மாஸ்கோவுக்கு மாற்றப்பட்டு, இன்றைய ரஷ்ய அரசு நூலகத்தின் அடிப்படையாயிற்று. 1882இல் அந்நூல் அச்சில் வந்தபோதுதான் அறிஞருலகம் ரெமேசோவை உண்மையில் அறிந்தது. 'பணி நூல்' ஹெர்மிட்டாஜ் அரண்மனை நூல்களோடு சேர்ந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் தேசிய நூலகத்தை அடைந்தது.

'கோரோகிராஃபிக் நூலின்' கதை வேறானது. ரஷ்யப் புரட்சிக்குப்பின் நாட்டை விட்டு வெளியேறிய லியோ பக்ரோவ் (1881–1957) என்னும் நிலப்பட வரலாற்றறிஞர் வசம் அது இருந்தது. பெர்லினில் வாழ்ந்தபோது 1935இல் 'இமாகோ முண்டி' என்னும் ஆய்விதழைத் தொடங்கியவர் அவர். நிலப்பட வரலாற்றுக்கென்றே நிற்கும் முதன்மையான இதழ்களுள் அது ஒன்று. உலகப்போரின் இறுதியில் அவர் ஸ்டாக்ஹோமுக்குச் சென்றார். எரிந்துகொண்டிருந்த ஐரோப்பாவைக் கடந்து அந்நூலும் பிழைத்தது. அவர் மறைந்த மறு ஆண்டான 1958இல் அதன் நேர்படிப் பதிப்பு நெதர்லாந்தில் வெளிவந்தது. மூலச்சுவடி இன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. அதன் தாள்களை ஒளிப்படங்களாக எண்ணிம வடிவில் யாவரும் காண அந்நூலகம் வழிசெய்துள்ளது.

கோதுனோவின் 1667ஆம் ஆண்டுப் படத்தின் ரஷ்யப் படி ஒன்று இந்நூலுக்குள்ளேயே இருந்தது. அதுவரை சுவீடியர் எடுத்த படிகளைக் கொண்டு மட்டுமே அதனை அறிந்திருந்த ஆய்வாளருக்கு இது பெரும்பேறு. அவசரமாகப் படியெடுத்த அந்நியர் பெயர்களைப் பிழைபட எழுதியிருக்கக்கூடும். உள்ளூரார் படியில் பெயர்கள் திருத்தமாக இருக்கலாம். ஆனால் பிற்காலச் செய்திகளும் அதில் நுழைந்திருக்கலாம். இரண்டிலும் ஒத்திருப்பதே மூலத்துக்கு உரியது என்று கொள்ள இடமுண்டு. ஹதீஸ் கலையில் ஒரே செய்தியின் பல அறிவிப்பாளர் தொடர்களை ஒப்பிட்டு நோக்கும் முறையை அறிந்த நம்மவர்க்கு இவ்வாய்வுமுறை எளிதில் விளங்கும்.

இதிலிருந்து பழம்படங்களைச் சேகரிப்போரும் ஆராய்வோரும் கைக்கொள்ளவேண்டிய நெறிகள் சில கிடைக்கின்றன. படம் காட்டும் காலம் வேறு, தாளின் காலம் வேறு. தாளின் நீர்க்குறியும் எழுத்தின் அமைப்பும் தாளின் காலத்தைச் சொல்லும். எந்தக் கோட்டை இருக்கிறது, எது இல்லை என்பது செய்தியின் காலத்தைச் சொல்லும். ஒரு தொகுதியிலிருந்து ஒரு தாளைத் தனியே பிரித்தெடுப்பது அதன் பொருளையே சிதைப்பதாகும். ஏனெனில் ஆற்றுப்படங்கள் ஒன்றன் முடிவில் மற்றொன்று தொடங்குபவை. கைமாறிய வரலாறும் சுவடியின் ஒரு பகுதியே. அதனை எழுதி வைக்காத சேகரிப்பாளர் தாம் காத்த பொருளின் பாதியை அழித்தவர் ஆகிறார்.

ரெமேசோவின் நூல்கள் மூன்றும் இன்று அச்சுப் பதிப்புகளாகக் கிடைக்கின்றன. ஆனால் அஸ்தானாக்களைக் காத்த குடும்பங்களிடம் இருந்த ஷஜராக்கள் அத்தனை பேறு பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் சமய ஒடுக்குமுறைக் காலத்தில் அரபு எழுத்தில் இருந்த எந்த நூலும் ஐயத்துக்கு உரியதாயிற்று. எஞ்சியவற்றை அண்மைப் பத்தாண்டுகளில் ஆய்வாளர் தேடிப் பதிப்பித்து வருகின்றனர். அரசர் வென்ற நிலத்தின் படம் அரசு நூலகத்தில் காக்கப்படும். அந்நிலத்தில் அடங்கியவர்களின் பெயரைக் காக்க அவர்தம் வழித்தோன்றல்களும், அவர்களை நாடிச் செல்லும் அறிஞர்களுமே உள்ளனர்.

இர்திஷ் நதி இன்றும் தன் கரையை அரித்துக்கொண்டேதான் இருக்கிறது. குச்சுமின் கோட்டை மேட்டில் இனி எஞ்சுவது கொஞ்சமே. அதன் பெயரை ஒரு கிராமத்து முதியவர் சொல்ல, ஒரு ரஷ்யர் கேட்டு எழுதிய தாளில் அது இன்னும் இருக்கிறது. அந்த முதியவர் யார் என்பது எந்தப் படத்திலும் எழுதப்படவில்லை.